சூடாகாத பிரேக்

கம்ப்யூட்டர் விளையாட்டுக்கான ஸ்டியரிங் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் அதன் வண்ண விளக்குகளைத்தான் காட்டுவார். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் மோட்டாரை. நிஸ்வா நகரத்துக் கடை ஒன்றில் மலிவானதைத் திருப்பிப் பார்த்தேன். பொம்மை போலக் கடகடத்தது. விலை கூடியது நிஜ வண்டியைப் போலக் கையை எதிர்த்து இழுத்தது. அதையே எடுத்தேன்.

என் தம்பி அஸ்ஸானுக்காகத்தான், ஐயா. ஒரு வருடமாக அவன் வண்டியைத் தொடவில்லை. என் மகன் ஸாஹிரைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும்போது போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டி, நின்ற லாரியில் மோதினான். அஸ்ஸானுக்கு மணிக்கட்டு மட்டும் முறிந்தது. ஸாஹிரை அன்று மாலையே அடக்கம் செய்தோம்.

"ரூமுக்குள்ளயே கெடந்து வீணாப் போறான், நஸ்ரா. நீ சொன்னாத்தான் கேப்பான்" என்றாள் அம்மா.

அவன் அறையில் கனமான மேசை ஒன்றைப் போட்டு அதில் ஸ்டியரிங்கைத் திருகி இறுக்கினேன். ஆடினால் கை பழகாது. முழங்கால் லேசாக மடங்கும் தூரத்தில் பெடலை வைத்தேன். அவனுடைய ஜீப்பின் ஸ்டியரிங் எத்தனை சுற்றுச் சுற்றுமோ அத்தனைக்கு அமைத்தேன். அவன் உட்கார்ந்து மிதித்துப் பார்த்துச் சிரித்தான். அந்த ஒரு வருடத்தில் அவன் சிரித்து நான் பார்க்கவில்லை.

"வாத்தியாரம்மா வண்டிக் கடையே வெச்சிருக்கலாம்" என்றான்.

நான் மலைமேல் உள்ள பள்ளியில் ஆசிரியை. தினமும் அந்த இறக்கத்தில் வருகிறேன். கியரைக் குறைத்து இன்ஜின் பிடியிலேயே இறங்க வேண்டும். வழிநெடுக பிரேக்கையே மிதித்தால் சூடேறி, பிடிக்காமல் போய்விடும். அந்த விளையாட்டிலும் பிரேக் சூடாகும். அவன் உட்காருவதற்கு முன்பே அந்த அமைப்பை அணைத்து வைத்திருந்தேன்.

மலைப்பாதை ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். மூன்று மாதம் ஓட்டினான். பெரிய கியரில் பாய்ந்து வந்து, வளைவுக்கு வளைவு மிதிப்பான். ஒவ்வொரு தடவையும் பிரேக் பிடித்தது.

"பயமே போயிருச்சுக்கா. நெஜமாவே ஓட்டிருவேனா?"

"தாராளமா ஓட்டுவே" என்றேன்.

ரோஜா பறிக்கும் பருவத்தில், அம்மாவுக்குப் பன்னீர் வாங்கித் தருகிறேன், பள்ளிக்கு வந்து எடுத்துப் போ என்று நான்தான் வரச்சொன்னேன். ஜீப்பை ஓட்டிக்கொண்டு தனியாக வந்தான். கஹ்வா காப்பி குடித்தான். பன்னீர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். என் கையைப் பிடித்து, "நீ இல்லன்னா நான் செத்திருப்பேன்கா" என்றான்.

அவன் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. நீங்கள் கேட்பது இந்த அழைப்பைப் பற்றித்தானே.

"அக்கா, பிரேக்கு பிடிக்க மாட்டேங்குது. என்ன பண்ணட்டும்? சீக்கிரம் சொல்லு."

கியரைக் குறை, வண்டியை மலைப்பக்கம் உரசி நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது.

"வீட்டுல ஓட்டின மாதிரியே மிதிச்சுக்கிட்டே இரு, கண்ணு. பிடிச்சிரும்" என்றேன். சத்தம் நிற்கும்வரை போனை வைக்கவில்லை.

பழி வாங்கினேன் என்று எழுதிவிடாதீர்கள், ஐயா. ஸாஹிரைப் புதைத்த அன்றே அவனை நான் மன்னித்துவிட்டேன்.