பின்னால் வந்த குரல்

காலைல ஏழே முக்கால். அக்டோபர் கடைசி ஞாயிறு. மீமாக் ஊர்லேருந்து ஏரிப் பக்கமா மேட்டுக்காட்டுக்குள்ள ஏறுற ரோடு இருக்கே... நாளைக்கு நாம சைக்கிள்ல போகப்போற அதே ரோடுதான். ஆமாடா லொயிக், அதேதான். சிரிச்சுக்கோ. நாளைக்குப் பார்க்கிறேன் உன் சிரிப்பை.

பேய் நடுராத்திரிலதான் வரும்னு எவன் சொன்னான்? இது விடிஞ்சப்புறம் நடந்தது. வெளிச்சம் வந்தாச்சு... ஆனா ஒண்ணும் தெரியல. பனி. ஊசியிலை மரமெல்லாம் சொட்டுச் சொட்டா வடியுது. ஈரச் சருகு வாசனை, வெட்டிப் போட்ட மரத்தோட பிசின் வாசனை. ஒரு காக்கா கூடக் கத்தல.

என் பொண்டாட்டியோட தம்பி எர்வே, அவன் சம்சாரம் மிரேய். ரெண்டே பேர். நூத்தி எண்பது கிலோமீட்டர் சுத்து. மிரேய்க்கு அதுதான் முதல் பெரிய சுத்து. அவளுக்குக் கிட்டப்பார்வை, கண்ணாடி இல்லாட்டி எதிர்ல நிக்கிற மாடு கூடத் தெரியாது. அன்னிக்குப் பனில கண்ணாடி மங்கி மங்கி, வெறுத்துப்போய்க் கழட்டிப் பைல போட்டுட்டா. நீ சொல்லிட்டே போ, நான் வர்றேன்னாளாம். அவளை முழுசா வீடு கொண்டுபோய்ச் சேக்கணும்... எர்வே மனசுல அது ஒண்ணுதான்.

வழக்கம் உங்களுக்கே தெரியும். முன்னால போறவன் "குழி"ன்னா அடுத்த ஆளும் "குழி"ன்னு திருப்பிச் சொல்லணும், கடைசி ஆள் காது வரைக்கும் போகணும். எர்வே "குழி"ன்னான். மிரேய் "குழி"ன்னா. அவளுக்கும் பின்னால... ஒரு ஆம்பளைக் குரல். "குழி."

கிளப் ஆள் எவனோ ஒட்டிக்கிட்டான்னு நினைச்சிருக்கான். காத்து மறைவுக்கு முன்னால போறவன் சக்கரத்தை ஒட்டிக்கிட்டு வர்றது சகஜம்தானே. ஒரு வணக்கம் கூடச் சொல்லாம ஒட்டுற ஜென்மங்களும் உண்டு. கஸ்பார், நான் உன்னைச் சொல்லலப்பா.

ஒரு இறக்கம். ரெண்டு பேரும் மிதிக்கிறதை நிறுத்தினாங்க. அப்போ பின் சக்கரம் டிக்டிக்டிக்னு ஓடுமே, அந்தச் சத்தம்... ஒண்ணு அவனோடது. ஒண்ணு அவளோடது. மூணாவது இல்ல. "ஜல்லி"ன்னான். "ஜல்லி"ன்னா அவ. பின்னால... "ஜல்லி."

யாரு அதுன்னு கேட்டான். மிரேய் திரும்பிப் பார்த்துட்டு, யாருமில்லையே, எதிரொலியா இருக்கும்னா. அவ கண்ணுக்கு என்ன தெரியும், பாவம். அவனும் ஆமா ஆமான்னுட்டான்.

கொஞ்ச தூரம் போனப்புறம்தான் அவனுக்கு உறைச்சுது. எதிரொலின்னா மிரேய் குரலும் வரணும்ல? வரல. அவன் சொல்றது மட்டும்தான் திரும்பி வருது. முதல்ல யாரோ ஒருத்தன் குரலாத்தான் இருந்திருக்கு. போகப்போக... அவன் குரலாவே ஆயிட்டிருந்துது. அன்னிக்கு அவனுக்குச் சளி. அந்தக் கரகரப்பு கூட அப்படியே.

மடையன், அங்கேயே நிறுத்திச் சொல்லியிருக்கணும். பயந்துருவாளேன்னு வாயை மூடிக்கிட்டான்.

நாலு ரோடு சேர்ற இடம் வந்துச்சு. குறுக்கே போறது மரம் ஏத்துற லாரிப் பாதை. நம்ம ஆளுங்க பண்ற தப்பு இருக்கே... முன்னால போறவன் "வரலாம்"னுட்டா, பின்னால வர்றவன் தலையைத் திருப்பிக் கூடப் பார்க்கிறதில்ல. நாம எல்லாருமே அப்படித்தான். எர்வே குறுக்கு ரோட்டைத் தாண்டிட்டான். தாண்டும்போதுதான் பார்த்தான்... இடது பக்கம் பனிக்குள்ள ரெண்டு மஞ்சள் விளக்கு. தொண்டை கிழியக் கத்தினான்.

"நில்லு! மிரேய், நில்லு!"

நின்னுட்டா. பிரேக் கிறீச்னதும் அவ கால் தார்ல ஊனினதும் அவனுக்குக் கேட்டுது. அப்பாடான்னு மூச்சு விட்டானாம்.

அப்போ... அவளுக்குப் பின்னாலேருந்து... அவன் குரல்ல... நிதானமா...

"வரலாம்."

மிரேய் மறுபடி கிளம்ப ஷூவைப் பெடல்ல மாட்டுற சத்தம் கேட்டுது. டக். அவ்வளவுதான், லாரி வந்துருச்சு.

இல்ல லொயிக், நீ கேக்கவே வேணாம். அந்த இடத்துல முன்னாடி எவனாச்சும் செத்திருக்கானான்னு நான் சுத்துவட்டாரம் பூரா விசாரிச்சுட்டேன். ஒருத்தனும் சாகல. அந்த லாரிக்காரன் பாவம், பனில அவனுக்கு என்ன தெரியும்.

மிரேய் ஆஸ்பத்திரில ரெண்டு நாள் உயிரோட இருந்தா. ரெண்டாம் நாள் சாயங்காலம் கண்ணைத் திறந்தா. எர்வே அவ கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான், நான் கதவோரம் நின்னேன். அவ முகத்துல கோபமே இல்ல. அதான் எனக்குத் தாங்கல.

"நீ நில்லுன்னே, நின்னேன்"னா, ரொம்ப மெதுவா. "அப்புறம் நீயே பின்னால வந்து, வரலாம்னு முதுகுல கை வெச்சுத் தள்ளினியே... உன் கை ஏன் அவ்ளோ சில்லுனு இருந்துச்சு?"

எர்வே என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"கையுறை நனைஞ்சு போச்சு, செல்லம்"னான்.

சரின்னு தலையாட்டிட்டு, கண்ணை மூடிக்கிட்டா.