எடுக்க எடுக்க வந்த மாவுப்பூச்சி

நாற்பத்தொரு நாள்களில் நான் ஒரு பூச்சியைக்கூடக் கொல்லவில்லை. நாங்கள் சமணர்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் மூன்று ஆர்க்கிட் தொட்டிகள் இருக்கின்றன. என்னைப் பெண் பார்க்க விழுப்புரத்திலிருந்து வந்த அன்று மாப்பிள்ளை ஸ்ரேயான்ஸின் அம்மா கொடுத்தவை. ஸ்ரேயான்ஸ் நல்லவர். கோயம்புத்தூரில் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன் என்றேன். "கல்யாணத்துக்கு அப்புறம் அதெல்லாம் எதுக்குங்க, பேஜாரு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். 'மாட்டேன்' என்ற சொல் எனக்கு வாயில் வருவதில்லை.

அடுத்த வாரமே இலைகளுக்கடியில் மாவுப்பூச்சி வந்துவிட்டது. பஞ்சைக் கிள்ளி ஒட்டியதுபோல.

அம்மா பதறிவிட்டாள். "அவங்க குடுத்த செடியவே காப்பாத்தலன்னா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க? செடி சுத்தமாகட்டும், அப்புறம் தேதி குறிக்கலாம்."

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் பூச்சி செத்துவிடும். அது எங்கள் வீட்டில் நடக்காது. "நீதான் ஜுவாலஜி படிச்சவ. ஒண்ணொண்ணா எடுத்துத் தோட்டத்துல விடு, பிராமி" என்றாள்.

பெயின்ட் பிரஷ்ஷால் எடுத்துச் செம்பருத்தியில் விட்டேன். நோட்டில் எண்ணிக்கை எழுதினேன். திங்கள் 62. செவ்வாய் 58. புதன் 71.

"என்னாடி இது, எடுக்க எடுக்க வந்துக்கினே இருக்குது?"

"முட்டை பொரிக்குதும்மா."

அது பொய்யில்லை. எங்கே பொரிக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

அந்த நாள்களில் சாம்பாருக்கு வாங்கிய பரங்கிக்காய் ஒன்று காணாமல் போனது. அம்மா காய்க்காரரைத் திட்டினாள். நான் என் அறையை நானே பெருக்கத் தொடங்கினேன். பொறுப்பு வந்துவிட்டது என்று மெச்சினாள்.

இன்று காலை கோயம்புத்தூரிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. பதினைந்து நாளில் சேர வேண்டும். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் ஸ்ரேயான்ஸின் அம்மா வந்து நின்றார். செடிகளைப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார். அவர் கண் கலங்கியது.

"ஒரு உயிரையும் கொல்லாம இத்தினி நாளா பொறுக்கிக்கினு இருக்குது பாருங்க. இந்த மாதிரிப் பொண்ணு எங்க கெடைக்கும்? செடி கெடக்குது. ஜல்தி தேதியக் குறிங்க."

அம்மா காலண்டரை எடுத்தாள். நான் இப்படி எதிர்பார்க்கவில்லை. என் கணக்கு இதுவரை தப்பியதில்லை.

அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்.

"பரங்கிக்காய் என் கட்டிலுக்கடியில இருக்குதும்மா. பூச்சிய அதுலதான் வளத்துக்கினு இருந்தேன். தினம் சாயங்காலம் செடியில விட்டது நான்தான். எனக்குக் கல்யாணம் வேணாம்."