அனுமதிக்குக் காத்திருக்கும் மடல்

நான் தேநீரில் சர்க்கரை சேர்ப்பதில்லை. இந்தக் கோப்பையை நீங்களே குடித்துவிடுங்கள், இன்ஸ்பெக்டர். வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

பெயர் பாலகணேஷ். தண்டையார்பேட்டையில் ஆறு கணினிகளோடு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். 2003 முதல் இணையத்தில் ஒரு தமிழ் மடற்குழுவுக்கு நான்தான் மட்டுறுத்துநர். உறுப்பினர்கள் எழுதுவது முதலில் என்னிடம் வரும். நான் அனுமதித்தால்தான் மற்றவர்களுக்குப் போகும். அங்கே என்னை ‘நடுவர்’ என்று மட்டுமே அறிவார்கள்.

குழுவில் ஷாலு என்றொருவர் எழுதிவந்தார். எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் காயப்போட்ட புடவையில் படிவதைப் பற்றி எழுதினால்கூட இருபது பேர் பதில் போடுவார்கள். ராயபுரத்து ஆசிரியை டோரதி, ‘நம்ம வூட்டுப் பொண்ணு’ என்பார். எனக்கும் பிடித்திருந்தது. பிறகொரு நாள், அதையெல்லாம் எழுதுவது என் கடையின் மூன்றாவது தடுப்பில் உட்காரும் ஆள்தான் என்று தெரிந்தது. வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் அன்பரசன், வியாசர்பாடி. நடுவர் நான்தான் என்பது அவனுக்குத் தெரியாது.

நான் கோபப்படவில்லை. வீட்டில் வைத்த பெயரில்தான் மடல் வர வேண்டும் என்று குழுவில் ஒரு விதி சேர்த்தேன். அவன் கேட்கவில்லை. அவன் தன்னைப் பெண் என்று எழுதியவற்றை அச்செடுத்து அவன் அப்பா மண்ணாங்கட்டியிடம் கொடுத்தேன். ஒரு தகப்பனுக்குத் தெரிய வேண்டியதுதானே.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் வந்தான். ஒரு பக்கம் காது வீங்கியிருந்தது. வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். அப்பா எதிர் டீக்கடையில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில் மடல் என் திரைக்கு வந்தது. மாதவரம் தாண்டி ஒருவர் தன்னைப் போன்றவர்களைக் கட்டிவைத்துச் சூடு போட்டுச் சரிசெய்கிறாராம். நாலு மணிக்குக் கூட்டிப்போகிறார்கள். அதற்குள் யாராவது வந்து தடுங்கள். கூடவே என் கடை முகவரி. கீழே ஷாலு.

டோரதி அப்போது இணைப்பில்தான் இருந்தார். ஆட்டோவில் பத்து நிமிடம்.

‘சொந்தப் பெயரில் அனுப்பவும்’ என்று மடலைத் திருப்பினேன். மறுபடியும் ஷாலு என்றே வந்தது. மறுபடியும் திருப்பினேன். தடுப்புக்கு மேல் தலை எழுந்தது.

“அண்ணே, குரூப்புல நடுவர்னு ஒர்த்தன் கீறான். உசுரு போற நேரத்துல பேரு கேட்டுகினு கீறான்.”

“அவருக்கும் ஒரு ஒழுங்கு இருக்கும்ல. கேட்டதக் குடுத்துரு, தம்பி.”

“பேருதானே. இந்தா, எட்த்துக்கட்டும்.”

மூன்றாவது மடலின் கீழே அன்பரசன் என்றிருந்தது. அப்போது மணி மூன்று இருபது. அனுமதிப் பொத்தானின் மேல் அம்புக்குறியை வைத்தேன். முதல் தடவையே இப்படி எழுதியிருக்கலாம் என்று தோன்றியது. என்னைக் காக்கவைத்தவன் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்றும் தோன்றியது. அவன் முதுகைப் பார்த்தபடி இருந்தேன். நாலு மணிக்கு மண்ணாங்கட்டி உள்ளே வந்து தோளைத் தொட்டார். எழுந்து போனான்.

ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனான். சூடு போட்டவரையும் தகப்பனையும் பிடித்துவிட்டீர்கள். என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டீர்கள். அந்த மடல் இன்னும் என்னிடம் அனுமதிக்குக் காத்திருக்கிறது. அதை அனுப்பாதது கணினிக் கோளாறு இல்லை, நான்தான்.

ஒன்று மட்டும். அவன் காசு கட்டிய நேரம் மூன்றரைக்கே முடிந்துவிட்டது. நான் எழுப்பிவிடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.