பதினோரு நாள் வாடாத இலை

பச்சையாகவே தின்கிற சிவப்பு லெட்டூஸ் கீரையின் விதையை ஆழமாகப் போடக் கூடாது. பலரும் செய்கிற முதல் தவறு அதுதான். மண்மேல் தூவி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். அதற்கு வெளிச்சம் வேண்டும். இதை நான் சங்கத்தில் நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு இது எதற்கு என்று உங்கள் முகம் சொல்கிறது, ஐயா. இலையைத் தெரிந்துகொள்ளாமல் என்னைப் பற்றி எழுதினால் உங்கள் காகிதம் அரைகுறையாகத்தான் இருக்கும்.

எங்கள் இல்லத் தோட்டக்காரர் சங்கத்தில் பதினேழு உறுப்பினர்கள். கூட்டத்துக்கு ஒன்பது பேர் வருவார்கள். தேநீர் வரும் நேரத்தில் பதினான்கு பேர் ஆகிவிடுவார்கள். எட்டு ஆண்டுகளாக நானே தலைவர், ஒவ்வொரு முறையும் போட்டியின்றி. வேறு யாரும் முன்வராமல் ஒதுங்கி நின்ற பெருந்தன்மையை நான் மறந்ததில்லை. அதற்கு முன் முப்பத்தோரு ஆண்டுகள் கடைகளின் எடைக்கற்களைச் சோதிக்கும் வேலை. கறாரான ஆள் என்று பெயர் வாங்கியவன்.

எனக்குப் புகழ் வந்தது வளர்ப்பதால் அல்ல, பத்திரப்படுத்துவதால். வெயில் ஏறும் முன் வெளி இலைகளை மட்டும் ஒடிக்க வேண்டும். நடுக்குருத்தைத் தொடக் கூடாது. பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் வைத்து, பிரிட்ஜின் அடித்தட்டில் வைக்க வேண்டும். பக்கத்தில் ஆப்பிள் இருந்தால் இலையில் பழுப்புப் புள்ளி விழும். எல்லாவற்றுக்கும் மேலாக, கழுவக் கூடாது. ஈரம் பட்ட இலை மூன்றாம் நாளே கொழகொழத்துவிடும். மற்றவர்கள் இலை ஆறு நாள் தாங்கியது. என்னுடையது பதினோரு நாள். சாப்பிடும்போதாவது கழுவலாமே என்று சிலர் கேட்டார்கள். தேவையில்லை என்றேன். பூச்சிமருந்து கிடையாது, சாலைப் புழுதி கிடையாது. கோழி எருவை வாளியில் இரண்டு நாள் ஊறவைத்து இலைமேல் தெளிப்பது மட்டும் உண்டு. அது இயற்கைதானே.

என் மனைவிக்கு இதிலெல்லாம் சிரிப்பு. நான் உரையை ஒத்திகை பார்க்கும்போது கதவோரம் வந்து நிற்பாள். “அடுத்த கூட்டத்துல மேடையில அந்த இலைக்கும் ஒரு நாற்காலி போட்டுடுங்க. அதுவாவது கம்மியா பேசும்” என்பாள். ஊரில் என்னிடம் அப்படிப் பேசக்கூடியவள் அவள் ஒருத்திதான். நான் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டு, மூன்று ஆண்டுகள் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரித்தோம். வாரத்துக்கு மூன்று நாள். ஒரு தடவைகூட நான் கூடப் போகாமல் இருந்ததில்லை. நாளுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு. அளந்து ஊற்றியவன் நான். பிறகு அவளுடைய தம்பி, என் மைத்துனர், தன் சிறுநீரகத்தைக் கொடுத்தார். இனி வேண்டிய மட்டும் தண்ணீர் குடிக்கலாம் என்று சொன்ன அன்று, ஒரு முழு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் துளித்துளியாகக் குடித்தாள். தீர்ந்துவிடுமோ என்ற பயம். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடாமல் இருக்க, நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகள் கொடுத்தார்கள். அதனால் பச்சையாக எதுவும் சாப்பிடக் கூடாது, குறிப்பாக இலை கூடாது என்று டாக்டரம்மா எழுதியே கொடுத்தார். சின்னப் பெண், நல்ல கையெழுத்து. அந்தத் தாளை நான்தான் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். எட்டு மாதம் வரி பிசகாமல் நடந்துகொண்டோம்.

அப்போதுதான் என் கையேடு அச்சாகி வந்தது: ‘கழுவாமல் காப்போம்.’ இருபத்திரண்டு பக்கம், அதில் என் முன்னுரை ஒன்பது பக்கம். அதை வெளியிட, எங்கள் தோட்டத்தில் ஒரு விழா வைப்பது என்று முடிவானது. ஏற்பாடுகளைப் பேசிய கூட்டத்தில் செயலாளர் எழுந்தார். படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரர், சிரித்துக்கொண்டே குத்துகிறவர்.

“தலைவரே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டம்மாவே அந்த இலையத் தொடறதில்லன்னு ஒரு பேச்சு அடிபடுது. அப்புறம் நாங்க எந்தத் தைரியத்துல சாப்பிடறது?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார் என்று நான் சொல்லியிருக்கலாம். ஏன் வேண்டாம் என்றார் என்று அடுத்த கேள்வி வரும். பச்சை இலையில் கிருமி இருக்கலாம் என்பதால். அப்படியென்றால் உங்கள் இலையிலும் இருக்கலாமே என்பார்கள். அந்தக் கேள்விக்கு என் கையேட்டில் பக்கம் இல்லை. “விழா அன்றைக்கு முதல் இலையை என் மனைவிதான் சாப்பிடுவாள்” என்று சொன்னேன். கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து அவளிடம், டாக்டரம்மாவுக்குப் போன் செய்ததாகச் சொன்னேன்.

“நெஜமாவா? சாப்பிடலாம்னு சொல்லிட்டாங்களா?”

“நம்ம வீட்டு இலைன்னா பரவாயில்லன்னாங்க.”

அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஐயா. எட்டு மாதம் எல்லாவற்றையும் வேகவைத்துத் தின்றவள். அந்தச் சந்தோஷத்தை நான்தான் அவளுக்குக் கொடுத்தேன். சுவரில் இருந்த தாளையும் அன்றே எடுத்துவிட்டேன். விழாவுக்கு வருகிறவர்கள் சமையலறைப் பக்கமும் வருவார்கள்.

விழா அன்று மைத்துனர் ஊரில் இல்லை. அவள் இலையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எவ்வளவு பேசினீங்க இதப் பத்தி. பாவம், களைச்சுப் போயிருக்கும்” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். இலை கையில் இருக்கும்போதே செயலாளர் படம் எடுத்துவிட்டார். மிச்ச இலைகளை டப்பாவில் வைத்தேன். அதற்குப் பிறகு பதினோரு நாளும், காலை ரொட்டிக்கு நடுவே அவளுக்கு இரண்டு இலை. கடைசி நாள் இலையும் முதல் நாள் போலவே மொறுமொறுவென்று இருந்தது.

மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டரம்மா கட்டிலருகே நின்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மைத்துனரும் பக்கத்தில் இருந்தார்.

“பச்சையா ஏதாவது சாப்பிட்டாங்களா? இலை, சாலட், எதுவாயிருந்தாலும்?”

“இல்லை” என்றேன்.

கேள்வி முடியுமுன்பே சொல்லிவிட்டேன் என்று மைத்துனர் உங்களிடம் சொல்லியிருப்பார். முடிந்த பிறகுதான் சொன்னேன். கையேடு அப்போது நூற்று நாற்பது வீடுகளுக்குப் போயிருந்தது.

டாக்டரம்மா அவள் பக்கம் குனிந்தார். “நீங்க சொல்லுங்கம்மா. சும்மா ஒரு துண்டுகூட முக்கியம். அதப் பொறுத்துதான் மருந்து.”

அவள் என்னைப் பார்த்தாள்.

“இல்லம்மா. எல்லாம் வேகவெச்சதுதான்.”

வழக்கமான மருந்தை ஆரம்பித்தார்கள். எல்லோரும் வெளியே போன பிறகு, கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

“நீங்க டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணவே இல்லல்ல?”

நான் போர்வையைச் சரிசெய்தேன்.

“சரி, விடுங்க” என்றாள். “போய் செடிக்குத் தண்ணி ஊத்துங்க. வெயில் ஏறுது.”

போனேன். தண்ணீர் ஊற்றினேன். பிரிட்ஜில் புதிதாக ஒடித்து வைத்திருந்த இலைகளை எடுத்து, குழாயடியில் ஒவ்வொன்றாகக் கழுவி, பிறகு குழி வெட்டிப் புதைத்தேன். புதைக்கப்போகும் இலையை ஏன் கழுவினீர்கள் என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இரண்டு நாள் அவள் நினைவோடு இருந்தாள். அந்த இரண்டு நாளில் டாக்டரம்மா ஆறு முறை வந்து போனார். ஆறு முறையும் நான் எழுந்து நின்று வணக்கம் சொன்னேன். மூன்றாம் நாள் கழுத்து விறைத்தது, பேச்சு குழறியது. அன்று மாலைதான் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. குளிரிலும் பெருகுகிற கிருமி, மூளைக்கு ஏறிவிட்டது, இதற்கு மருந்தே வேறு என்றார் டாக்டரம்மா. முதல் நாளே தெரிந்திருந்தால் என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து, நிறுத்திவிட்டார். மருந்தை மாற்றினார்கள். ஐந்தாம் நாள் விடிந்தபோது அவள் இல்லை.

துக்கம் விசாரிக்கச் சங்கத்தார் ஒருவர் விடாமல் வந்தார்கள். முழு வருகை அதுதான் முதல் தடவை. செயலாளர் பெரிய படமொன்றைச் சட்டம் போட்டு, காகிதம் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அவளுடைய சமீபத்திய படம், நன்றாகச் சிரித்திருக்கிறாள் என்றார். மைத்துனர்தான் காகிதத்தைப் பிரித்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அக்கா கையில என்ன அத்தான் அது?”

நான் சொல்வதற்குள் செயலாளர் பெருமையாகச் சொல்லிவிட்டார். “தலைவர் வளர்த்த இலைதான். மொத இலையே அம்மாதான் சாப்பிட்டாங்க.”

மைத்துனர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் படத்தைச் சுவரோரம் மெதுவாகச் சாய்த்து வைத்துவிட்டு, என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“நான் ஒரு கிட்னியக் கொடுத்தேன் அத்தான். நீங்க ஒரு ‘ஆமா’ கொடுத்திருக்கக் கூடாதா?”

இவ்வளவுதான் நடந்தது. டாக்டரைக் கேட்டதாகப் பொய் சொல்லி அவளைச் சாப்பிட வைத்தது நான். கேட்டபோது இல்லை என்றது நான். இரண்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருந்ததும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். வீடு இப்போது மிகவும் அமைதியாக இருக்கிறது. உரையை ஒத்திகை பார்த்தால் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்ல விரும்புகிறேன். மைத்துனர் கொடுத்த புகாரில், அத்தானைக் காப்பாற்றத்தான் அக்கா டாக்டரம்மாவிடம் பொய் சொன்னாள் என்று எழுதியிருக்கிறார். அந்த வரியை அடித்துவிடுங்கள், ஐயா. முப்பத்திரண்டு ஆண்டுகள் அவளோடு வாழ்ந்தவன் சொல்கிறேன். அது பொய்யே இல்லை. நான் வளர்த்த இலையை அவள் கெடுதலான சாப்பாட்டோடு சேர்த்தே நினைக்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை அவளுக்கு, அந்த இலைமேல்.