அரிசி டின்னில் இருந்த கேமரா

கேமராவைத் திறப்பதற்கு முன் நான் இரண்டு முறை கை கழுவுவேன். பாத்திரம் விளக்கும் சோப்புதான் நல்லது, பிரமிளா. வாசனை சோப்பு லென்சில் படலம் விட்டுவிடும். இதைக்கூட ஒரு லென்சைப் பாழாக்கித்தான் கற்றுக்கொண்டேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். உன் அம்மா ஏழு மாதமாகச் சோற்றைத் தொடுவதில்லை, சமையலறையில் அரிசி டின்னைப் பார்த்தாலே எழுந்து போய்விடுகிறார், பாதியாக இளைத்துவிட்டார் என்றாய். “அங்கிள், அரிசிதான ஈரத்த இழுக்கும்? அப்புறம் எப்படி பிலிம்ல பூசணம் புடிச்சது?” என்றும் கேட்டாய். நல்ல கேள்வி. அம்மாவுக்கு அது தோன்றவில்லை.

ஓய்வு பெற்று புந்தோங்குக்கு வந்தபின் வீட்டிலேயே பழைய பிலிம் கேமராக்களைப் பழுது பார்க்கத் தொடங்கினேன். யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்தே பழகினேன். கெடுத்ததையெல்லாம் இந்த நோட்டில் நம்பர் போட்டு எழுதினேன். முதலாவது, துணி விரிக்காமல் ஸ்பிரிங்கைக் கழற்றியது. அது பறந்துபோய் இன்றுவரை கிடைக்கவில்லை. நான்காவது, உள்கண்ணாடியை அழுத்தித் துடைத்துப் பூச்சையே எடுத்துவிட்டது. ஒன்பதாவது, பிலிம் உள்ளே இருக்கும்போது பின்கதவைத் திறந்து, வெளிச்சம் படவிட்டுப் படங்களைக் கெடுத்தது. மொத்தம் நாற்பத்தொன்று. எழுதிய தவறை மறுபடி செய்ததே இல்லை என்று வருகிறவர்களிடம் சொல்வேன். உன் அம்மா முத்தம்மாவும் அதைக் கேள்விப்பட்டுத்தான் உன் அப்பாவின் கேமராவைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார்.

“அண்ணே, உள்ள பிலிம் இருக்கு. என் துளசி இதுல மட்டும்தான் இருக்கா லா. கழுவிக் குடுங்கண்ணே.”

உன் அக்கா ஒன்பது வயதில் காய்ச்சலில் போனதையும், அப்போது நீ கைக்குழந்தை என்பதையும் சொன்னார். தோட்டத்து லயத்து வீடுகளை இடித்தபோது ஆல்பம் காணாமல் போனதாம். சொல்லும்போதே அழுதார். அழட்டும், அதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் மூக்கைச் சிந்திய கையை என் மேசைமேல் வைத்தார். அவர் போனபின் அந்த இடத்தை மூன்று தடவை துடைத்தேன்.

வெளிச்சம் புகாமல் இருக்கப் பின்கதவின் ஓரத்தில் கறுப்பு ஸ்பாஞ்ச் ஒட்டியிருப்பார்கள். வருஷக்கணக்கானால் அது உருகிப் பிசினாகிவிடும். அந்தக் கேமராவில் பிசின் கதவிடுக்கு வழியே வெளியே கசிந்து, அதில் ஒரு அரிசி வண்டு செத்து ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமல் என்னால் அந்த அறையில் உட்கார முடியாது. துடைக்க வசதியாகப் பின்கதவைத் திறந்தேன். உடனே மூடியும் விட்டேன்.

ஒன்பதாவது தவறு, இரண்டாம் முறை.

மறுநாள் அம்மா வந்தார். பிலிமைப் பூசணம் தின்றுவிட்டது என்றேன். இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன்.

“அரிசி டின்லண்ணே. பத்திரமா இருக்கட்டும்னு.”

“அதான்மா. ஈரம்.”

“அப்ப நாந்தான் கெடுத்துட்டேனாண்ணே?”

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. பிலிமை எடுத்துவிட்டு, கேமராவை மட்டும் துண்டில் சுற்றிக் கொடுத்தேன். போகும்போது எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பிலிமை அப்படியே குப்பையில் போட்டிருக்கலாம். ஆனால் திறந்த வேகத்தில் வெளிச்சம் எத்தனை சுற்று உள்ளே போயிருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். தவறு நடந்தால் அதிலிருந்து எதையாவது கற்க வேண்டும் இல்லையா. குளியலறையை இருட்டாக்கி, மருந்து கலந்து கழுவினேன். கடைசியில் எடுத்த படங்கள் கன்னங்கரேலென்று போயிருந்தன. உள்சுற்றில் இருந்த பதினொன்று தப்பியிருந்தன.

ஒன்றில் துளசி ரப்பர் பால் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ரப்பர் மரத்தடியில் நிற்கிறாள். ஒன்றில் முன்பல் இல்லாமல் சிரிக்கிறாள். ஒன்றில் உன்னைத் தூக்க முடியாமல் தூக்கி வைத்திருக்கிறாள். உன் கால் அவள் முழங்காலைத் தொடுகிறது.

கொடுத்திருக்கலாம்தான். கொடுத்தால், பூசணம் எங்கே போனது என்று கேட்பார். கதவைத் திறந்தேன் என்று சொல்ல வேண்டும். புந்தோங் முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே வாளியில் துணி வெளுக்கும் மருந்தை ஊற்றிப் பிலிமைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் படங்கள் சளிபோலக் கழன்று வந்தன. ஒட்டிக்கொண்டிருந்ததை விரலால் வழித்தேன். நகத்துக்குள் எல்லாம் வழவழவென்று புகுந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு அருவருப்பான வேலை நான் செய்ததில்லை. ஆனாலும் பாதியில் விடவில்லை. கழுவித் தரத்தானே கேட்டார், கழுவினேன். பிறகு இரண்டு முறை கை கழுவினேன்.

முகத்தை அப்படிச் சுளிக்காதே. அம்மாவிடம் போய், அரிசியில் ஒரு குற்றமும் இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம் என்று சொல். நான் சொன்னதாகச் சொன்னால் நம்புவார்.

நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாய். உன் அக்கா எந்த நம்பர் என்றுதானே தேடுகிறாய்? கிடைக்காது. அது தவறுகளை மட்டும் எழுதும் நோட்டு, பிரமிளா. துளசியைக் கழுவியதில் நான் ஒரு தவறும் செய்யவில்லை.