எலுமிச்சைக்குப் போட்ட உப்பு

— இன்னைக்காவது மெஹ்ரு அக்காட்ட உள்ளதச் சொல்லிருங்க.

— நீ பேசாம இரி பூங்கனி. அக்கா மஸ்கட்டுல இருந்து பொறப்பட்டாச்சு. திருவனந்தபுரத்துல எறங்குனா ரெண்டு மணிக்கூர்ல பக்கத்துல அவ வீட்டு நடையில நிப்பா.

— அதுதான் சொல்லுதேன். மூணு மாசமா நம்ம எலுமிச்சையப் போன்ல காட்டி, 'உங்க மரம் நல்லாருக்கு அக்கா'ன்னு ஏமாத்திட்டிருக்கிய. அவங்க வந்து மதிலுக்கு அந்தப் பக்கம் நின்னா எதக் காட்டுவிய? வெறும் கம்பையா?

— நான் என்ன வேணும்னா செய்தேன்? 'எல மஞ்சளிச்சா எப்சம் உப்பு போடு'ன்னு அக்கா சொன்னா. எனக்கு உப்புன்னு மட்டுந்தான் காதுல விழுந்துது.

— உப்புன்னு கேட்டதும் தென்னைக்குப் போடுத மாதிரி ரெண்டு கிலோ கல்லுப்பா? பத்து நாளுல எல அம்புட்டும் கருகி உதுந்துபோச்சே!

— அதச் சொல்லாத பிள்ளே. அக்கா வீட்டுக்காரரு பக்கீர் காக்கா சாவுததுக்கு முந்தி கையால வச்ச மரம். அந்தப் பக்கம் எட்டிப் பாக்கவே எனக்கு வய்யா. நீயாவது தெனமும் வெளக்குமாத்தோட அவ முற்றம் தூக்கப் போற.

— நான் முற்றந்தான் தூக்கப் போறேன், வேற என்னத்துக்கு? இன்னா, போன் அடிக்கு. எடுங்க, மரத்துக்கு மருந்து போடுத செல்வதாஸ் டாக்டரே!

— கர்த்தாவே... அக்கா! சுகமா? எறங்கியாச்சா?

— எறங்கிக் கார்லயும் ஏறியாச்சு தம்பி. நான் வாறதுக்குள்ள எம் மரத்த ஒருதரம் காட்டு, பாப்போம்.

— இன்னா பாருங்க. வெள்ளக் கோடு விழுந்த எலைக்கு வேப்பெண்ணெயும் சோப்பும் கலக்கி அடிச்சேன். சொறி பிடிச்ச கொப்ப வெட்டித் தீயில போட்டேன். எப்சம் உப்பு தக்கலை உரக்கடையில வாங்கிக் கரைச்சு விட்டேன். எல எப்பிடிப் பச்சையா நிக்கு!

— பிஞ்சு இருக்கா?

— எண்ணி முடியல்ல அக்கா! ஆறு வருசமா ஒரு பூ வைக்காத மரம்...

— எம் மரமா? போன வருசம் நீதான தம்பி அதுல ஒரு சாக்கு பறிச்சுக்கொண்டு போயி ஊறுகா போட்ட?

— மாட்டியாச்சு! நல்ல காரியம்.

— நீ சும்மா கெட பூங்கனி. அக்கா... இனி மறைக்க வய்யா. இது எங்க மரம். உங்க மரத்த நான் கல்லுப்பு போட்டுக் கொன்னுட்டேன். என்ன வேணும்னாலும் ஏசுங்க. எங்கிட்டப் பேசாம மட்டும் இருந்துராதிங்க.

— அட ரப்பே, இதுக்குப் போயி அழுவியா? எனக்கு முதல் நாளே தெரியும்.

— எப்பிடி?

— மரத்துக்குப் பின்னால உத்தரத்துல என்ன தொங்குது?

— கிறிஸ்மஸ் ஸ்டாரு.

— எங்க வீட்டுல யாரு தம்பி ஸ்டார் தொங்கவிடுவா?

— அந்த ஸ்டாரக் கழத்துங்கன்னு ஜனவரியில இருந்து சொல்லுதேன் அக்கா. கேட்டாத்தானே!

— தெரிஞ்சிட்டு ஏன் அக்கா மூணு மாசமா எனக்கு மருந்து சொன்னிய?

— உம் மரத்தப் பாரு, உம் மரத்தப் பாருன்னு ஆறு வருசம் தொண்ட வத்தச் சொன்னேன். 'அது கெடக்கட்டும்'னு போயிருவ. எம் மரத்துக்குப் பதிலா நிக்குன்னதும் ஒரு நாளாவது கவனிக்காம முடக்கினியா?

— அது சரி... ஆனா காக்கா வச்ச மரம் போனது போனதுதான, அக்கா?

— அத எங்கிட்ட ஏன் கேக்க? முற்றம் தூக்கப் போறேன்னு உங்கிட்டச் சொல்லிட்டு, நான் சொன்னபடி உப்பு கழுவிப் போறதுக்கு தெனமும் பத்துக் குடம் தண்ணி ஊத்தினவ உம் பக்கத்துலதான் நிக்கா. பூங்கனி, எம் மரத்துல துளிரு எத்தன விட்டிருக்குன்னு உம் மாப்பிளைக்குச் சொல்லு மக்கா!