வாடுன பேரிக்கா கன்னு

சோம்பேறித்தனத்துல இத எழுதாமலே விட்டுருப்பேன். பூம்பாறை பஸ்ல எனக்கு முன்சீட்டுல ஒரு புருசன் பொண்டாட்டி.

"எங்கப்பா சாகுறதுக்கு முன்னாடி தோண்டிக் குடுத்த பேரிக்கா கன்னுங்க அது. அவரு கருமாதிக்குப் போயிட்டு வாரதுக்குள்ள காயவிட்டுட்டீங்களே!"

"எல வாடுச்சு புள்ள. அதான் தண்ணிய நிறுத்திட்டேன்."

"வாடுனா ஊத்தத்தானேங்க செய்வாக?"

"வெள்ளப்பூடுக்கு எல வாடுனா வெளஞ்சிருச்சுன்னு நிறுத்துறோம்ல?"

"அப்ப அதையும் புடுங்கி மூட்டை கட்டியிருக்க வேண்டியதுதானே!"

"கோவிக்காத. வேற கன்னு வாங்கித் தாரேன்."

"வாங்கலாம். தோண்டித் தர எங்கப்பா வருவாரா?"

கொடைக்கானல் வந்ததும் ரெண்டு பேரும் எறங்கிப் போயிட்டாக.

நான் சிரிச்சுக்கிட்டே இத, பூடு போடுற என் கூட்டாளிகிட்டச் சொன்னேன். அவன் மூஞ்சி செத்துப்போச்சு.

"ஏலே, எங்க பிளம்ஸ் கன்னுக்கு நானும் நேத்துத்தான் தண்ணிய நிறுத்துனேன்."